சவிரிமுத்துக் கொண்டக்டரின் மகள்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற்றின் வீடு எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. சவிரிமுத்துக் கொண்டக்டரின் மகள் என்று கேட்டால், மீன் வெட்டிக்கொண்டிருக்கும் மனுசிகூடக் கத்தியை வைத்துவிட்டு எழும்பி வந்து ஒழுங்கையைக் காட்டுவாள். காட்டுவதோடு நில்லாமல், "லண்டன் சோதினை பாஸ் பண்ணின பிள்ளைதானே" என்றும் சேர்த்துக்கொள்வாள். பிறிஜெற்றுக்கு அதைக் கேட்டாலே உடம்பு கூசும்.

சோதனை என்னவோ லண்டன் சோதனைதான். ஆனால் அதை அவள் எழுதியது கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்துப் பின்கட்டில், பழைய தையல் அறையில். ஆங்கிலச் சுருக்கெழுத்து, நிமிடத்துக்கு நூற்றிருபது சொல். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு, விடைத்தாள் கப்பலில் போய், நாலு மாதம் கழித்துப் பத்திரம் கப்பலில் வந்தது. அவளோடு எழுதிய மற்றப் பெண்கள் எல்லோரும் பறங்கிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய பத்திரங்கள் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கின. பிறிஜெற்றினுடையது தகப்பனின் காக்கிச் சட்டைக்குள் போய்விட்டது.

சவிரிமுத்து கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஓடும் ட்ராமில் கொண்டக்டர். இருபது வருடமாக அதே தடம். இரும்புச் சக்கரத்தின் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பேசி அவருக்கு மெல்லப் பேச வராது. பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தால் கோவிலின் கடைசி வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்கும் என்று மனைவி மதலேனாள் சொல்வாள். டிக்கற்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பையை ஒரு பக்கம் தள்ளி, மெழுகுத்தாளில் சுற்றிய பத்திரத்தை எடுத்து விரிப்பார். படிக்கத் தெரிந்தவர்களிடம் படிக்கக் கொடுப்பார். தெரியாதவர்களுக்குத் தானே படித்துக் காட்டுவார், அவருக்கும் அந்த ஆங்கிலம் தெரியாது என்றபோதும். என்ன எழுதியிருக்கிறது என்று மகளிடம் ஒருமுறை கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்.

பிறிஜெற்றுக்கு இது தெரியவந்தது சிநேகிதி டோரினோடு போனபோதுதான். இரண்டு பேரும் ஒருநாள் ஆமர் வீதியில் அவருடைய ட்ராமில் ஏறினார்கள். ஏறியதும் வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புகையிலைத் தரகர் ஒருவர் எழும்பி இடம் கொடுத்துவிட்டு, இந்தச் சுருக்கெழுத்து என்பது உண்மைதானா, அல்லது கொண்டக்டர் அளக்கிறாரா என்று அவளிடமே கேட்டார். சவிரிமுத்துவுக்கு அது போதுமாக இருந்தது. தரகரை எதையாவது வேகமாகச் சொல்லச் சொன்னார். மகளை எழுதச் சொன்னார். சுருக்கெழுத்து ஆங்கிலத்துக்கு மட்டும்தான், தமிழுக்கு இல்லை என்று பிறிஜெற் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவர் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் டோரினின் பாட்டுப் புத்தகத்துக் கடைசித் தாளில் எழுதினாள். தரகர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புகையிலைச் சிப்பங்களைப் பற்றியும், அதில் ஈரம் சேர்த்து அனுப்பியவனின் குடும்பத்தைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொன்னார். அவள் சத்தத்தைக் கேட்டபடியே கோடும் புள்ளியுமாகக் கீறிக்கொண்டு போனாள். பிறகு வசவு உட்பட ஒன்றும் விடாமல் திருப்பி வாசித்தாள். வண்டி முழுக்கக் கைதட்டியது. முன்னாலிருந்த சாரதி என்ன நடந்தது என்று தெரியாமல் மணியை அடித்தான். பிறிஜெற் அடுத்த தரிப்பிலேயே இறங்கி, மிச்ச வழியை வெயிலில் நடந்தாள்.

இதில் இன்னொரு கரைச்சலும் இருந்தது. அன்றைக்கு அந்த ட்ராமில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போகிற இப்றாஹிம் என்பவர் இருந்தார். வழக்குப் பார்க்கும் புறக்டர் தியாகராசாவின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், பெரிய கிளார்க். அவர் அடுத்த வாரமே வீட்டைத் தேடி வந்து, புறக்டருக்கு ஒரு சுருக்கெழுத்துக்காரர் தேவை, பத்திரத்தோடு வந்து காணட்டுமாம் என்றார். வேலை கிடைத்துவிட்டது. பத்திரத்தின் மூலையில் வெற்றிலைச் சாற்றுத் துளி ஒன்று இருந்ததைப் புறக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வேலை கிடைத்தது ட்ராமால் என்று ஆகிப்போனதால், அதன் பிறகு தகப்பனை ஒரு சொல் சொல்ல முடியவில்லை. "சொன்னபடியாத்தானே கிடைச்சது" என்பார்.

வேலைக்குப் போன முதல் வருடம் முழுவதும் சவிரிமுத்து மதிய இடைவேளைகளில் புதுக்கடைக்கு வந்தார். மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்ததாகச் சொல்வார். மகள் காலையிலேயே சாப்பாட்டோடுதான் வந்திருப்பாள். கந்தோர் வாசலில் வழக்குக்காரர்கள் காத்திருக்கும் வாங்கில் இருந்துகொண்டு, உள்ளே டைப் அடிக்கும் சத்தம் கேட்டால், அது என்னுடைய பிள்ளை அடிப்பது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். சிலவேளை அது இப்றாஹிம் அடிக்கும் சத்தமாக இருக்கும். பிறிஜெற் வெளியே வந்து கண்ணால் ஏசுவாள். அவர் சிரித்துக்கொண்டு எழும்பிப் போவார். மறுநாளும் வருவார்.

அவள் அவருடைய ட்ராமில் ஏறுவதை நிறுத்தினாள். மழைக்காலத்திலும் நடந்தாள். சேலைக் கரை சேறாகி, சப்பாத்து நனைந்து, கந்தோருக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனாலும் நடந்தாள். இரவில் சாப்பிடும்போது அவர், இன்றைக்கு இன்னார் உன்னைக் கேட்டார் என்று தொடங்குவார். கோப்பையை எடுத்துக்கொண்டு அவள் குசினிக்குள் போய்விடுவாள்.

முப்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதத்தில்தான் அந்த மெசெஞ்சர் வீதி வீட்டு வழக்கு வந்தது.

ஒரு வீடு, இரண்டு சகோதரர். தகப்பன் செத்தபின் வீடு மூத்தவனின் கையில் இருந்தது. இளையவனுக்குத் தெரியாமல் அதை விற்க மூத்தவன் ஆள் தேடுகிறான் என்று கேள்விப்பட்டு, இளையவன் புறக்டர் தியாகராசாவிடம் வந்தான். விற்பதற்கு முன் கோட்டில் நீதிபதியிடம் தடை வாங்க வேண்டும். மூத்தவன் காதில் விழுந்தால் அவசரமாக விற்பனை உறுதிப் பத்திரம் எழுதி முடித்துவிடுவான் என்பதால், புறக்டர் இப்றாஹிமிடமும் பிறிஜெற்றிடமும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். வியாழன் முழுவதும் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வெள்ளி முழுவதும் டைப் அடித்தாள். பதினெட்டுப் பக்கம், மூன்று பிரதி. திங்கள் காலை கோட்டில் போடுவதாக ஏற்பாடு.

வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது விரல்கள் விறைத்துப் போயிருந்தன. மதலேனாள் வெந்நீர் வைத்துக் கொடுத்து, ஏன் இப்படி என்று கேட்டாள். பிறிஜெற் சொன்னாள். பதினெட்டுப் பக்கம் என்றும் சொன்னாள், ஒரு பிழையும் இல்லாமல் என்றும் சொன்னாள். புறக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார் என்றும், மெசெஞ்சர் வீதி வீட்டு விசயம், திங்கட்கிழமை போடுவது என்றும் சொன்னாள். தாயிடம்தான் சொன்னாள். தகப்பன் வாசலில் இருந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சனி காலையில், முதல் ஓட்டத்திலேயே, அந்தப் பதினெட்டுப் பக்கமும் சவிரிமுத்துவின் வாயில் ட்ராம் ஏறிவிட்டன.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் மூத்தவனின் மச்சான். அவன் கெய்மன் கேற் தரிப்பில் இறங்கி வந்த வழியே திரும்பி ஓடினான். அன்று பின்னேரத்துக்குள் உறுதி எழுதும் நொத்தாரிசு வந்து, சாட்சிகள் வந்து, வீடு கைமாறிவிட்டது. திங்கள் காலை இளையவன் கந்தோரில் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.

கதை எப்படிப் போனது என்று இப்றாஹிம் விசாரித்துத் தெரிந்துகொள்ள அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. கொண்டக்டரின் பெயரைச் சொல்ல அவருக்கே மனமில்லை. பிறிஜெற் தானே போய்ப் புறக்டரின் மேசைக்கு முன் நின்றாள்.

புறக்டர் தியாகராசா வழக்கமாக இங்கிலீசில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவார். அன்று தமிழில் கேட்டார்: "உம்முடைய தகப்பனுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் வீட்டில சொன்னனான், சேர்."

"ஏன் சொன்னனீர்?"

விரல் நோகிறது என்று சொல்லியிருந்தால் போதும். எத்தனை பக்கம் என்று தாய் கேட்கவில்லை, எந்த வீதி என்றும் கேட்கவில்லை. எல்லாம் அவளாக எடுத்துக் கொடுத்தது. அதை நினைக்கத் தகப்பன்மேல் வந்த ஆத்திரம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் ஏழு மாதத்துக்குச் சுருக்கெழுத்து இல்லை, பழைய உறுதிகளைப் பார்த்துப் பிரதி எடுக்கும் வேலை மட்டும். அவள் வரும்போது இப்றாஹிம் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகுவார். செருகிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். வீட்டு உறுதியை உடைக்க வேறு வழக்குப் போட்டு, அது இரண்டு வருடம் இழுபட்டு, கடைசியில் இளையவனுக்குப் பாதி வந்தது.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் சவிரிமுத்து வேலை முடிந்து வரும்வரை பிறிஜெற் சேலைகூட மாற்றாமல் கதிரையில் இருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டார். அவன் மூத்தவன்ர மச்சான் எண்டு எனக்குத் தெரியாதே, ஒரு வழக்கமாய் வாற ஆள்தானே என்று மெல்ல இழுத்தார். அவர் மெல்லப் பேசி அவள் முதன்முதல் கேட்டது அப்போதுதான்.

"அப்பா, இனி என்னைப் பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக்கூடாது. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். நான் உயிரோட இருக்கிறன் எண்டும் சொல்லக்கூடாது."

"சரி பிள்ளை" என்றார்.

அப்படியே செய்தார். அதுதான் கொடுமை.

முதல் சில மாதம் பிறிஜெற்றுக்கு நிம்மதியாக இருந்தது. மறுபடி ட்ராமில் ஏறத் தொடங்கினாள். அவர் வந்து டிக்கற் கிழித்துக் கொடுப்பார், மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே. மகள் எப்படி இருக்கிறாள் என்று அவளை அறியாத யாராவது அவள் முன்னாலேயே கேட்பார்கள். "இருக்கிறா" என்பார். அடுத்த வாங்குக்குப் போய்விடுவார். பத்திரம் வீட்டு அலுமாரிக்குள் வந்து சேர்ந்தது. புதுக்கடைக்கு வருவதும் நின்றது.

முப்பத்தெட்டில் புறக்டர் அவளைத் தலைமைச் சுருக்கெழுத்தாளர் ஆக்கினார். அவளுக்குக் கீழே இரண்டு பேர். வீட்டில் சொன்னாள். மதலேனாள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக் கொஞ்சினாள். சவிரிமுத்து "நல்லது" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்துக்குப் பொலிஷ் போடப் போனார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் எதையாவது கேட்பார் என்று நின்றாள். அவர் தூரிகையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த முழு வாரமும் அவளுக்கு எல்லாவற்றிலும் எரிச்சல் வந்தது. சோற்றில் உப்பில்லை என்று தாயோடு சண்டை பிடித்தாள்.

அடுத்த வருடம் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை இன்னாசித்தம்பி, துறைமுகத்தில் கப்பல் சாமான் இறங்கும்போது சரிபார்க்கும் கிளார்க். சாந்தமான ஆள், அதிகம் பேசமாட்டார். அதைக் கண்டுதான் பிறிஜெற் சம்மதித்தாள் என்று டோரின் சொல்லிச் சிரித்தாள். கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் ஓலை வாசித்தார்கள். அழைப்பு அடித்து வந்தது. ட்ராமில் தகப்பனோடு வேலை செய்பவர்களுக்கும், தெரிந்தவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி அறுபது அழைப்பை அவரிடம் எண்ணிக் கொடுத்தாள்.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சீருடைப் பெட்டிக்குள் கற்பூர உருண்டை போடப் போன மதலேனாள் ஒரு தாள்கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நூல்கூட அவிழ்க்காத அறுபது அழைப்பு.

பிறிஜெற் அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டாள்.

"இதென்ன அப்பா?"

"நீதானே சொன்னனீ, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு."

"கார்ட் குடுக்கிறது சொல்லுறதோ?"

"குடுத்தா, ஆர் மாப்பிள்ளை, எங்க வேலை எண்டு கேப்பினம். கேட்டா சொல்லவேணும்." அழைப்புக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். "தொடங்கினா எனக்கு நிப்பாட்டத் தெரியாது பிள்ளை."

மூன்று வருடமாக இருபத்தைந்து வருடப் பழக்கக்காரர்களிடம் வாயைப் பூட்டிக்கொண்டு வண்டி ஓட்டத்தில் நின்றிருக்கிறார். அவர்களில் பாதிப் பேர், மகளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது, ஓடிப்போய்விட்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்பதையே விட்டிருந்தார்கள். இதை அவர் சொல்லவில்லை. அடுத்த நாள் பிறிஜெற்றே தெரிந்துகொண்டாள்.

அடுத்த நாள் அவள் லீவு போட்டுவிட்டு, அழைப்புக் கட்டோடு கோட்டையில் அவருடைய ட்ராமில் ஏறினாள். அவர் டிக்கற் கிழித்துக் கொடுத்தார். அவள் வாங்கு வாங்காகப் போய் அழைப்பு நீட்டினாள், நான் கொண்டக்டரின் மகள், எனக்குக் கலியாணம், வரவேண்டும் என்று. சனங்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். புறக்கோட்டையில் சாமான் கடை வைத்திருக்கும் ஜாபிர், இவ்வளவு நாளும் உங்களுக்காக ஓதிக்கொண்டிருந்தோமே மகள் என்றார். பூக்காரி ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, சோதனைக்கு முதல் வாரம் உனக்கு அம்மை போட்டிருந்ததே, தழும்பு எங்கே என்று கேட்டுத் தேடினாள். அம்மை போட்டது உண்மை. அது இந்த மனுசிக்குத் தெரியும் என்று பிறிஜெற்றுக்குத் தெரியாது. இன்னொருவர், சின்ன வயதில் பாதிரியாரின் பிரசங்கத்தில் பிழை பிடித்த பிள்ளை நீதானே என்றார். அது முழுப் பொய்.

புதுக்கடைக்குக் கிட்ட ஒரு சிங்களக் கிழவர் ஏறினார். அழைப்பை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சவிரிமுத்துவைக் கேட்டார்: "மே த துவ?"

இதுதானா மகள் என்று. சவிரிமுத்து கையில் டிக்கற்றோடு பிறிஜெற்றைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் அவளுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"சொல்லுங்கோவன் அப்பா" என்றாள். "ஆர் வேண்டாமெண்டது?"

வேண்டாம் என்றது யார் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. டிக்கற்றைப் பைக்குள் போட்டார். சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்து மறுபடி சிங்களத்துக்குப் போனார். மூன்று வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. தலைமைச் சுருக்கெழுத்தாளர் வந்தது, கீழே இருந்த இரண்டு பேர் நாலு பேராகி வந்தார்கள், மாப்பிள்ளையின் உத்தியோகம் அவருக்கே தெரியாத அளவுக்கு உயர்ந்தது. இரண்டு தரிப்பில் மணி அடிக்க மறந்துபோக, இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தரிப்பு தாண்டுமுன்பே பிறிஜெற், ஏன் வாயைத் திறந்தேன் என்று தன்னையே நொந்துகொண்டாள். கிராண்ட்பாஸில் இன்ஸ்பெக்டர் ஏறி, ஏழு பேருக்கு டிக்கற் கொடுபடவில்லை என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டார். அவருக்கும் ஓர் அழைப்புக் கொடுத்தார்கள்.

அறுபது அழைப்புக்கு இருநூறு பேர் வந்தார்கள். அழைப்பு இல்லாதவர்களும், கேள்விப்பட்டவர்களும், கேள்விப்பட்டவர்களோடு வந்தவர்களும். கேக் முதல் அரை மணித்தியாலத்தில் முடிந்தது, பற்றிஸ் பலகாரம் அதற்கு முன்பே முடிந்தது. டோரின் ஆளனுப்பிச் சந்திக் கடையிலிருந்து லெமனேட் போத்தல் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தாள். பூக்காரி கொண்டுவந்த மாலைகளைப் போட்டுப் போட்டு மாப்பிள்ளையின் கழுத்து வளைந்துவிட்டது. இவர்களெல்லாம் யார் என்று இன்னாசித்தம்பி காதுக்குள் கேட்டார். "ட்ராம்" என்றாள் பிறிஜெற். வேறு விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் சீமையில் யுத்தம் தொடங்கியது. துறைமுகத்தில் எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்று வெளியே சொல்வது குற்றமென்று அறிவித்தல் ஒட்டினார்கள். இன்னாசித்தம்பி அதை வீட்டில் சொன்ன கணத்தில் பிறிஜெற்றுக்குத் தகப்பனின் ஞாபகம்தான் வந்தது. அன்றே தாய்வீட்டுக்கு ஓடினாள். கப்பலைப் பற்றி மருமகன் ஏதும் சொன்னாரா, அதை நீங்கள் எங்கேயும் சொன்னீர்களா என்று தகப்பனை நிற்க வைத்துக் கேட்டாள்.

"கப்பலைப் பற்றிச் சொல்லேல்லை" என்றார் அவர், மனம் நொந்தவர்போல. "மருமகனைப் பற்றித்தான் சொன்னனான்."

என்ன சொன்னீர்கள் என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஓர் ஒழுங்கு வைத்தாள். கணவனின் வேலையும் தன் வேலையும் தகப்பன் இருக்கும்போது பேசப்படாது. ஆனால் அவர் வெறும் வாயோடு திங்கட்கிழமை ட்ராமில் நிற்கவும் கூடாது. ஞாயிறு பூசைக்குப் பின் அவர் வரும்போது சொல்வதற்கென்று ஒன்றை எடுத்து வைத்திருப்பாள். பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்தது. பிள்ளை எழும்பி நின்றது. இன்னாசித்தம்பி கூரை ஒழுக்கைத் தானே ஏறி அடைத்தார். கந்தோரில் ஒருத்தி மயங்கி விழ, பிறிஜெற் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். ஒன்றும் நடக்காத வாரங்களில், சமையலறையில் நின்று எதை எடுத்துக் கொடுக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வாள். இது என்ன தலைவிதி என்று மதலேனாளிடம் சலித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிறு அப்படி ஒன்றுமே அகப்படவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, போக மனமில்லாமல் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பிள்ளை நேற்று இருபது வரைக்கும் எண்ணினவள்" என்றாள் பிறிஜெற். பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. வாயில் சரியாக மூன்று சொல்லும் இல்லை.

சவிரிமுத்து எழும்பி நின்றார்.

"இங்கிலீசிலயோ?" என்று கேட்டார்.

அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஓம் என்றாள்.